உதடு தெரியாத இடம்

ஸ்டூடியோவில் எல்லோரும் அவரைக் கர்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். ராணுவத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுகிற ஆசாமி. ஐம்பத்தாறு வயது, ஒற்றை அறை வீடு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். அடுத்தவர் வாய்க்குக் குரல் கொடுப்பது தொழில்.

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் பேசாத வாய் கிடையாது. டாக்டர், வக்கீல், மந்திரவாதி, பிஸ்கட் விளம்பரத்தில் இடுப்பை ஆட்டுகிற கரடி. ஆனாலும் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு வெளிநாட்டுத் தொடர்தான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி, ஜப்பான் போன்ற அச்சு நாடுகள் தோற்காமல் ஜெயித்திருந்தால் உலகம் என்ன கதி ஆகியிருக்கும் என்று கற்பனை செய்து எடுத்தது. ஜெயித்தவர்களின் கொடி கட்டடத்துக்குக் கட்டடம் தொங்கும். சாயங்காலம் சங்கு ஊதினால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் ஆள் காணாமல் போவார். இத்தனைக்கும் மேலே ஒரு கர்னல். குரலை உயர்த்தவே மாட்டான். அடிக்கிறவனை விட, அடிக்காமல் மெதுவாகப் பேசுகிறவனைக் கண்டால்தானே நமக்கெல்லாம் அதிகப் பயம்! அந்த மெதுக் குரல் நம்மவருடையது.

சனிக்கிழமை ஏழரை மணிக்கு ஊரே தொடரின் முன்னால் உட்கார்ந்திருக்கும். மார்க்கெட்டில் இவர் அரை கிலோ தக்காளி கேட்டால், முன்னால் நிற்கிற பெண்கள் சட்டென்று திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் வழுக்கையும் துணிப்பையுமாக ஒரு மனுஷன் நிற்பார். ஏதோ பிரமை என்று திரும்பிக்கொள்வார்கள். அவர் முகம் யாருக்கும் தெரியாது. குரல் மட்டும் ஊருக்கே தெரியும். இப்படி ஒரு பிழைப்பு.

வீட்டிலோ பேச ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும்போது வரட்டுமா என்று கேட்டால், அடுத்த வார்த்தை திங்கட்கிழமைதான். நடுவில் சனிக்கிழமை பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக அவர் குரலே அவருக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடிப்பார். தன் குரலையே துணைக்கு வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவரைப் பார்த்துச் சிரிப்பதா, அழுவதா என்று எனக்கே தெரியவில்லை.

அவருக்கு ஒரு அக்கா உண்டு. பஸ் ஏறினால் நாற்பது நிமிஷம். பதினோரு வருஷமாக அந்த நாற்பது நிமிஷத்தை அவர் கடக்கவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா ஸ்டூடியோவுக்கு மூன்று முறை போன் செய்தாள். அப்பா உன் குரலைக் கேட்கணும் என்கிறார், நேரில் வர முடியாவிட்டால் போனிலாவது இரண்டு வார்த்தை பேசு என்றாள். அன்றைக்கென்று கரடி விளம்பரப் பதிவு. வெளியே சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே யாரும் போகக் கூடாது என்பது சட்டம்; அது அணைகிற இடைவெளியில்தான் சேதி வரும். இதோ அரை மணி நேரம், இதோ அரை மணி நேரம் என்று மூன்று முறையும் சொல்லி அனுப்பினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். அக்கா வார்டில் இருந்த டிவியைப் போட்டு வைத்திருந்தாள். தம்பி பேசிய விளம்பரம் ஏதாவது வந்தால் அப்பா காதில் விழட்டும் என்று மணிக்கணக்காகக் காத்திருக்கிறாள். ஒன்றுகூட வரவில்லை.

"ஊருக்கெல்லாம் குரல் குடுத்த. பெத்தவருக்கு ஒரு வார்த்தை குடுக்க முடியல. இனி உன் குரல் என் காதுல விழக் கூடாது."

கோபத்தில் சொன்ன வார்த்தை. வேறு தம்பியாக இருந்தால் மறுநாளே போய்க் காலைப் பிடித்திருப்பான். இவரோ எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் பேசிப் பழகியவர். அக்கா சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொண்டார். போன்கூடச் செய்யவில்லை. பயந்தாங்கொள்ளி என்றும் சொல்லலாம். நான் அப்படித்தான் சொல்வேன்.

அக்கா மகள் மட்டும் மாசத்துக்கு இரண்டு முறை, ஆபீஸில் மதியம் கிடைக்கிற இடைவேளையில், அம்மாவுக்குத் தெரியாமல் போன் செய்வாள். அவள்தான் ஒருநாள் அந்த விஷயத்தைச் சொன்னாள். அம்மா அந்தத் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் பார்க்கிறாளாம். ஆனால் கர்னலின் தொப்பி திரையில் தெரிந்தால் போதும், சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவாளாம். அவன் போனபிறகுதான் மறுபடி கூட்டுவாளாம்.

அப்படியென்றால் யார் குரல் என்று அக்காவுக்குத் தெரியும். ஊரையே ஏமாற்றிய குரல், வளர்த்த அக்காவை ஏமாற்றவில்லை. கேட்கவும் மாட்டாள், பார்க்காமல் இருக்கவும் மாட்டாள்.

குரல் கொடுக்கிற தொழிலில் ஒரு சலுகை உண்டு. திரையில் உதடு தெரிகிறவரை நாம் அதற்கு அடிமை. அது மூடினால் மூட வேண்டும், திறந்தால் திறக்க வேண்டும். உதடு தெரியாத இடம் நமக்குச் சொந்தம். ஆள் முதுகைக் காட்டினாலோ, இருட்டில் நின்றாலோ, மூலத்தில் இல்லாத வசனத்தையும் அங்கே வைக்கலாம். யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஒன்பதாவது வாரக் கதையில் அப்படி ஓர் இடம் வந்தது. ரேடியோ ஒளித்து வைத்திருந்த குடும்பம் பின்வாசல் வழியாகத் தப்பி ஓடிவிடுகிறது. காலி வீடு. கேமரா உள்ளேயிருந்து சாத்திய கதவைப் பார்க்கிறது. வெளியே தட்டுகிற சத்தம். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. மூலத்தில் வசனம் எதுவும் இல்லை. அப்புறம்தான் கதவு உடைந்து கர்னல் உள்ளே வருகிறான்.

தட்டுகிற சத்தத்தை நம்மவர் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். இரண்டும் ஒன்றும். சின்ன வயதில் அவர் தட்டுவதும் அப்படித்தான். அம்மா போனபின், மில்லில் வேலை பார்த்த அப்பா வரும்வரை அக்காதான் எல்லாம். இருட்டுவதற்குள் வீடு திரும்பாவிட்டால் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். இவர் வெளியே நின்று தட்டுவார். அக்கா, நான்தான், கதவத் திற என்பார். அந்த வார்த்தைக்கு அவள் ஒருநாளும் திறக்காமல் இருந்ததில்லை.

அக்கா சத்தத்தைக் குறைப்பது கர்னலைக் கண்ணால் பார்த்தபிறகுதானே? இங்கேதான் அவன் தெரியவே இல்லையே!

மைக் முன்னால் நின்றார். தட்டுகிற சத்தம் வந்து போனது. ஒரு நொடி சும்மா இருந்தார். அந்த நொடியில் அக்கா என்ற வார்த்தையை மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டார். கர்னலுக்கு ஏது அக்கா? பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான்தான். கதவத் திற."

உதடு பார்த்து வசனம் எழுதுகிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினார். நான் எழுதாததை நீ எப்படிப் பேசலாம் என்று குதித்தார். ஒலிப்பதிவுக்காரர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அவருக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டதாம். முக்கியமாக, தட்டியபிறகு விட்ட அந்த ஒரு நொடி. அது இருக்கட்டும், பிரமாதம் என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிய பிறகு வசனம் நிலைத்தது.

சனிக்கிழமை அது ஒளிபரப்பானது. திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அவருடைய மாடிப்படியில் பிள்ளைகள் கதவு கதவாகத் தட்டி, நான்தான், கதவத் திற என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அலறிக்கொண்டு ஓடின. பேப்பரில் ஒருவர், இந்த வருஷம் கேட்டதிலேயே கொடூரமான நான்கு வார்த்தை என்று எழுதினார். எண்ணத் தெரியாத ஆசாமி, இருந்தது மூன்றுதான். ஸ்டூடியோவில் கேக் வெட்டி இவர் வாயில் திணித்தார்கள்.

ஆனால் அது மிரட்டலே இல்லை. அவர் கெஞ்சியிருந்தார். பதினோரு வருஷத்துக் கெஞ்சல் அது. ஊர் அதைக் கேட்டுப் பயந்தது. அக்காவும் அப்படித்தானே கேட்டிருப்பாள்? வீட்டுக்குள் நுழைந்து மிரட்டுகிறான் என்றல்லவா நினைத்திருப்பாள்? எந்தப் பாவி இப்படிப்பட்ட தொப்பியை மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்பான்? அதற்கப்புறம் அவர் வீட்டில் வாயைத் திறக்கவே பயந்தார். தன் குரல் இனித் தனக்குத் திரும்பாது என்று தோன்றியது. அக்கா மகளிடமிருந்தும் போன் வரவில்லை. ஒரு வாரம் போய், இரண்டாவது வாரமும் போனது. இவராகப் பண்ணிக் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

பதினேழாம் நாள் மதியம் போன் வந்தது. ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தேன் மாமா, நேற்றுதான் வந்தேன் என்றாள். வீட்டில் எல்லாம் சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம்தான், அம்மாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்றாள்.

"பகல்ல தாழ்ப்பாளே போடறதில்ல மாமா. அந்த ஒன்பதாவது வாரம் பாத்ததுலேர்ந்து இப்படித்தானாம், அப்பா சொல்றாரு. கதை ஓடிட்டிருக்கும்போதே எழுந்து போய்த் தாழ்ப்பாள எடுத்துட்டு வந்து உக்காந்துட்டாங்களாம். திருடன் வந்தா யார் பொறுப்புன்னு கேட்டா, திருடன் எங்கடி கதவத் தட்டறான்னு என்னையே கேக்கறாங்க."

அவர் போனைக் காதில் வைத்தபடியே, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அவள் மாமா, மாமா என்று இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவர் பஸ் ஏறினார். இறங்கி, அக்காவின் தெருவில் மூன்று முறை மேலும் கீழும் நடந்தார். எதிர் வீட்டு அம்மாள் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தபிறகுதான் அக்கா வீட்டு வாசலுக்குப் போனார். கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. விரலால் தள்ளினால் திறந்துவிடும். ஆனாலும் தள்ளவில்லை. இரண்டு தட்டு தட்டினார். கொஞ்சம் விட்டு ஒரு தட்டு.

அடுத்த வசனம் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல முடியாது. அது இப்போது கர்னலுடையது, மாடிப்படிப் பிள்ளைகளுடையது, பேப்பர்க்காரருடையது. யோசித்துப் பார்த்தால், யார் கையும் படாமல் அவருக்கென்று மிச்சம் இருந்தது அன்றைக்கு மைக் முன்னால் விழுங்கிய ஒரே வார்த்தைதான்.

"அக்கா."

கர்னல் குரலும் இல்லை, கரடிக் குரலும் இல்லை. உடைந்து, கரகரத்து, யாரும் காசு கொடுத்துக் கேட்காத குரல்.

சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினார். அக்கா ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. உதடு தெரியாத எத்தனையோ முதுகுகளுக்கு அவர் வசனம் வைத்திருக்கிறார். இந்த முதுகு என்ன சொல்லப் போகிறது என்று மட்டும் அவரால் ஊகிக்க முடியவில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

அக்கா திரும்பவில்லை. கையில் இருந்த துண்டை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். பிறகு அதை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். துண்டுக்குள்ளிருந்தே குரல் வந்தது.

"கதவச் சாத்திட்டு வா. காத்து வருது."

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.