மணிக்கூடாய்ப் போன கலியாண சீடி

கை சும்மா இருக்காத ஆள் நான். வாய் அதைவிட மோசம். வள்ளம் கவிழ்ந்து என் தம்பி போய்ச் சேர்ந்தபோது அவன் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வாழைச்சேனையில் அவன் வீட்டைக் கழுவி, பழசையெல்லாம் வெளியேற்றவேணும். அவன் பெண்சாதி, என் மச்சாள், சுவரைப் பார்த்தபடி இருந்தாள். ஆரையும் கேட்காமல் நானே முந்தானையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன். அலுமாரிக்கு மேலே ஒரு பை நிறையச் சீடி. படம் பார்க்கிற சீடிதானே என்று மட்டக்களப்புக்குத் தூக்கிவந்துவிட்டேன்.

அதில் நான் செய்யாதது எது! வெந்நீரில் ஊறவைத்து, செதில் செதிலாக வெட்டிப் பூச்சாடிக்கு ஒட்டினேன். அடியில் துணி ஒட்டித் தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற தட்டுகள் செய்தேன். ஒன்றின் நடு ஓட்டையில் மெஷினைப் பூட்டி, இலக்கத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு ஒட்டுப் பொட்டு வைத்து, மணிக்கூடாக்கி அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கிற டீச்சருக்குக் கொடுத்தேன். எல்லாரும் புகழப் புகழ எனக்குத் தலைகால் தெரியவில்லை.

பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, போன வருசம் மச்சாள் போன் எடுத்தாள்.

"மச்சாள், எங்கட கலியாண சீடி உங்களிட்ட வந்ததா? அப்பாட குரல் எப்படியிருக்கும் எண்டு கேட்டுப் புள்ள அழுகிறாள்."

அவனுடைய போனும் அவனோடு தண்ணிக்குள் போயிற்று. அவன் குரல் வேறெங்கும் இல்லை. வீடியோக்காரன் ஒன்றும் எழுதாமல் வெள்ளை உறையில் போட்டுக் கொடுத்திருந்தானாம். ஐயோ, கேட்காமல் தூக்கிவந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேணும்!

வீட்டிலிருந்த தட்டுகளையெல்லாம் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் படம். மிச்சம் பூச்சாடியில் வெட்டுண்டதும் டீச்சர் வீட்டுச் சுவரில் தொங்கினதும்தான். பூச்சாடிப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

டீச்சரிடம் வாய் குழறிச் சொன்னேன். "அதுக்கேன் கா அழுறீங்க?" என்று மணிக்கூட்டைக் கழற்றினா. பொட்டுப் பசைக்குத் தேங்காயெண்ணெய் பூசி, பழைய சேலைத்துண்டால் ஒரு கீறலும் விழாமல் துடைத்துத் தந்தா. போட்டதும் தம்பி மாலையோடு நிற்கிறான்! அந்த மனுசியின் கையைப் பிடித்து முத்தமிட்டேன். அவவுக்கு நான் எத்தனை பிறவிக்குக் கடமைப்பட்டவள்!

அண்டைக்கே வாழைச்சேனைக்கு ஓடினேன். மூன்று பேரும் டிவிக்கு முன்னால் இருந்தோம். தம்பி வாயசைக்கிறான், கேட்பதோ சினிமாப் பாட்டு. தாலி கட்டும்போது பாட்டு, கேக் வெட்டும்போது பாட்டு. பிள்ளை டிவியில் காதை வைத்துப் பார்த்தாள். நான் வீடியோக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டினேன்.

பந்தி வந்தது. ஒரு பாட்டு முடிந்து மற்றது தொடங்குமுன் ஒரு மூச்சு இடைவெளி.

"அக்கா, சமையல்காரனோட கத்தினது காணும். வந்து சாப்பிடு."

பந்தியிலும் வாய் ஓயாத என்னைப் போதும் என்று தம்பி கூப்பிடுகிறான். அவ்வளவுதான். அந்த இடைவெளியை விட்ட வீடியோக்காரனுக்குக் கோடி புண்ணியம் கிடைக்கட்டும். மச்சாள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் குழறி அழுதேன். பிள்ளை அழவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். நான் ஓயாமல் அழுவதைப் பார்த்துக் கிட்ட வந்தாள். என்னை மாமி என்று கூப்பிடுகிறவள், அவன் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னாள்.

"அக்கா, கத்தினது காணும். வந்து சாப்பிடு."

"ஓம்டா, வாறன்" என்று எழும்பினேன்.