சோபா போட்ட கோர்ட்டு

டவாலி வேலைக்கு வேண்டியது இரண்டுதான்: சத்தமான தொண்டை, நாளெல்லாம் நிற்கிற கால். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு இரண்டும் இருந்ததால், விருத்தாசலத்தில் கோர்ட்டு வாசலில் நின்று பேர் கூப்பிட்டே பென்ஷன் வரைக்கும் வந்துவிட்டேன். வராண்டாவில் உட்கார்ந்து இடுப்பு செத்துப்போன உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் டிவியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

சுத்தியல்

எங்க ஜட்ஜ் அய்யாவின் மேசையில் என்ன இருக்கும்? கேஸ் கட்டு, பேனா, ஒரு டம்ளர் தண்ணீர், கரண்டு போனால் விசிறிக்கொள்ள ஒரு அட்டை. சுத்தியல் கிடையாது. எத்தனையோ நீதிபதிகளைப் பார்த்துவிட்டேன், ஒருத்தர் கையிலும் அது இருந்ததில்லை. டிவி கோர்ட்டில் மட்டும் எதற்கெடுத்தாலும் டொக்கு டொக்கென்று தட்டுகிறார்கள். வக்கீல் கூண்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். எங்க கோர்ட்டில் இரண்டு எட்டு வைத்தால் அடுத்த வக்கீல் காலை மிதிக்கணும். அப்புறம், டவாலி என்று ஒருத்தனைக் காட்டுகிறார்களே, அவன் கத்துவது பேர் கூப்பிடுவதா, மாடு விரட்டுவதா?

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதைச் சொல்லிப் பொருமினேன். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வுடுங்க டவாலி அய்யா, சுத்தியல் வாங்க உங்க கோர்ட்டுக்கு கவர்மெண்டு இன்னும் பணம் ஒதுக்கலபோல இருக்குது."

கழுத்தில் அட்டை மாட்டியவர்

கஸ்தூரி, பீங்கான் கம்பெனியில் அச்சில் களிமண் கரைசல் ஊற்றுகிற பெண். புருஷன் செத்து மூணாம் மாதம், அவள் ஷிப்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் முருகேசன் வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டான். அண்ணன் கட்டின வீடு தம்பிக்குத்தான் என்று நியாயம் வேறு. சாமான் உள்ளே, அவளும் இரண்டு பொம்பளப் பிள்ளைகளும் வெளியே. சூளைக்குப் பக்கத்தில் சரக்கு அடுக்குகிற கொட்டகையில்தான் படுக்கை.

கேஸ் போட்டு இரண்டு வருஷம் வாய்தா வாய்தாவென்று அலைந்தாள். ஒருநாள் கோர்ட்டு வேப்பமரத்தடிக்கு டிவியிலிருந்து ஒருத்தர் வந்தார். கழுத்தில் அட்டை. யார் யார் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பேசினார். நான் தள்ளி நின்றாலும் காது அங்கேதான். கஸ்தூரியிடம் அவர் சொன்னது: "இங்க தேயறதுக்குப் பதிலா மெட்ராசு வாங்கம்மா. எங்க நிகழ்ச்சியில ஒரே நாள்ல தீர்ப்பு. வண்டி நாங்களே அனுப்புறோம், மதியச் சாப்பாடும் உண்டு."

பதில் வராத பேர்

அடுத்த வாய்தாவில் அவள் கூண்டேறிச் சாட்சி சொல்லணும். ஏற்கெனவே தள்ளித் தள்ளிப் போன கேஸ், இதுதான் கடைசி என்று அய்யா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாசலில் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. வேப்பமரம் வரைக்கும் போய்க் கூப்பிட்டேன். மூணாவது தடவை நான் போட்ட சத்தத்துக்கு எதிர்த்த ஜெராக்ஸ் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். அவள் வரவில்லை.

வருவாள் எப்படி? அன்றைக்குத்தான் டிவிக்காரர்கள் வண்டி அனுப்பியிருந்தார்கள். கஸ்தூரி முன் சீட்டு, பூட்டுப் போட்ட முருகேசன் பின் சீட்டு, இரண்டு பேரும் ஒரே வண்டியில் மெட்ராசு போய்க்கொண்டிருந்தார்கள். இது அவளுடைய வக்கீலுக்கே தெரியாது. முருகேசனின் வக்கீல் எழுந்து, மூஞ்சியைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "வாதிக்கு இந்தக் கேஸ்ல அக்கறையே இல்லீங்க அய்யா." கேஸ் தள்ளுபடி.

பவுடர்

இரண்டு நாள் கழித்துக் கஸ்தூரி சிரித்த மூஞ்சியோடு வந்தாள். கையில் ஒரு சிடி. "தீர்ப்பு வந்துடுச்சுங்க, கேஸை முடிச்சுக்கலாம்" என்றாள். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா நடுவில் உட்கார்ந்து முருகேசனைக் கிழி கிழியென்று கிழித்தாராம். அவன் "அண்ணி, மன்னிச்சுடுங்க" என்று காலில் விழுந்து, எல்லார் முன்னாலும் வீட்டுச் சாவியைக் கொடுத்தானாம். ஜனம் கைதட்டியதாம்.

"நீ என்னம்மா பண்ணினே?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "மூஞ்சில பவுடர் போட்டு மூணு தரம் அழ வெச்சாங்க அய்யா. மொத ரெண்டு தரம் வெளிச்சம் பத்தலயாம்."

சாவி

சாவியைக் கொண்டுபோய்ப் பூட்டில் போட்டிருக்கிறாள். நுழையவே இல்லை. முருகேசனைக் கேட்டால், "நான் எங்க சாவி எடுத்துகினு போனேன்? அவங்க கையில திணிச்சாங்க, குடுத்தேன்" என்கிறான். டீக்கடைப் பக்கத்து பூத்தில் டிவிக்காரருக்குப் போன் போட்டோம். நானும் கூட நின்றேன். அந்தப் பக்கம் குரலில் ஒரு சங்கடமும் இல்லை: "அது படத்துக்குக் குடுத்த சாவிம்மா. எங்க பீரோ சாவி, கூரியர்ல அனுப்பிடுங்க."

எந்தக் கோர்ட்டு?

தள்ளுபடியான கேஸை மறுபடி எடுக்கச் சொல்லி அவளுடைய வக்கீல் மனுப் போட்டார். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று அய்யா கேட்டார். "இன்னொரு கோர்ட்டுக்குப் போயிருந்தேங்க" என்றாள். "எந்தக் கோர்ட்டு?" வக்கீல்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அய்யா சிரிக்கவில்லை. அவள் கொட்டகையில் பிள்ளைகளோடு படுத்திருப்பது வரை கேட்டுக்கொண்டு, கேஸை மறுபடி கோப்பில் எடுத்தார். அவள் சொன்ன பதில்தான் வெகுநாள் வராண்டாவில் ஓடியது: "மெட்ராசுலங்க. சோபா போட்ட கோர்ட்டு."

பஷீர் பாய்

அந்த வீடு கட்டின மனையை விற்றவர் மங்கலம்பேட்டை பஷீர் பாய். கஸ்தூரி புருஷனுக்குத்தான் விற்றேன் என்று அவர் சொன்னால் கேஸ் நிற்கும். காலையிலேயே வந்துவிட்டார், கூப்பிட மத்தியானம் மூணு மணி ஆனது. கூண்டேறியதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். டிவியில் மாதிரி வேதப்புத்தகம் வைத்துச் சத்தியம் வாங்குவார்கள் என்று, தொழுகைக்கு முன்னால் செய்கிற மாதிரி கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்திருக்கிறார். இங்கே புத்தகம் கிடையாது, வாயால் சொன்னால் போதும் என்றதும் மனுஷருக்கு ஏமாற்றம். ஆனாலும் அழுத்தமாகச் சாட்சி சொன்னார், குறுக்கு விசாரணையில் ஒரு சொல் மாறவில்லை.

இறங்கி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்: "தூங்கினா ஒளு முறிஞ்சிடும்னு காலையிலேருந்து கண்ணு அசராம உக்காந்திருந்தேன், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா டவாலி?"

பூட்டு

கஸ்தூரி ஜெயித்தாள். வீட்டை மீட்டுக் கொடுக்கக் கோர்ட்டு அமீனா உத்தரவோடு போன அன்று, என் வீடும் அடுத்த தெரு என்பதால் நானும் போனேன். ஆசாரி பூட்டை உடைத்தார். பிள்ளைகள் முதலில் ஓடின, கஸ்தூரி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே போனாள். கைதட்ட யாரும் இல்லை.

முருகேசன் சலவைச் சட்டை போட்டு, தலை சீவி, தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அமீனாவிடம் கேட்டான்: "டிவிக்காரங்க யாரும் வரலீங்களா?"

அந்த நிகழ்ச்சியை இன்னமும் மறுபடி மறுபடி போடுகிறார்கள், அதில் முருகேசன் திருந்திய நல்லவன், எங்க கேஸ் கட்டில் மட்டும்தான் தோற்றவன், அந்தக் கட்டை ரிக்கார்டு ரூமில் கரையான் தவிர வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.