காலாவதி ஆவதற்குள் ஒரு பாட்டில்: ராயபுரம் முதல் எண்ணூர் வரை

வடசென்னைக்கு ஆயிரம் காரணங்களுக்காகப் போயிருப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பியது ஒரு பாட்டில் பீருக்காக. சிரிக்காமல் படியுங்கள்.

எண்ணூரைத் தாண்டி ஒரு பீர் கம்பெனி இருந்தது. பெயர் வேண்டாம், அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அது வெறும் 'கம்பெனி'தான். கல்யாணத்துக்கு முன்பு நான்கு வருடம் அங்கே வேலை பார்த்தேன். சில மாதங்களுக்கு முன்பு அதை மூடிவிட்டார்கள். இப்போது நான் ஓசூர்வாசி. அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று கொருக்குப்பேட்டைக்கு வந்திருந்தபோது தனம் போன் பண்ணினாள். எண்ணூர் குப்பத்துக்காரி, என் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவள். நான் போன பிறகும் மூடும் வரை அங்கேயே இருந்தாள், மொத்தம் ஒன்பது வருடம்.

"ஏய் கலா, பீரு ஆறு மாசந்தான் தாங்கும். நம்ம கம்பெனி கடைசியா போட்ட சரக்கு இந்த மாசத்தோட சரி. அப்பால இன்னா குட்த்தாலும் கெடைக்காது. நா ஒரு வாயி குடிச்சுப் பாக்கணும்டி."

ஒன்பது வருடம் பீரையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு சொட்டுக் குடித்ததில்லை! எங்கள் வேலையே பார்ப்பதுதான். மூடி போட்ட பாட்டில்கள் வெளிச்சத் திரைக்கு முன்னால் ஊர்ந்து வரும். தூசி தெரிந்தால், அளவு குறைந்தால், மூடி கசிந்து நுரை வந்தால் இடது கையால் பட்டென்று எடுத்து இடப்பக்கக் கழிவுக் கூடையில் போட வேண்டும். ஆயுத பூஜைக்கு ஆண்களுக்கு ஆளுக்கு இரண்டு பாட்டில் தருவார்கள். பெண்களுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

எனக்காவது அண்ணன் அதே கம்பெனி கிடங்கில் இருந்தான். மொட்டை மாடியில் அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தான். முதல் வாய் குடித்ததும் முகம் கோணிக்கொண்டது. இரண்டாவது வாயில் வறுத்த தானிய வாசனை மெல்ல ஏறியது, இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. தனம் வீட்டில் ஆறு ஆண்கள். "பாட்லு வாசப்படி தாண்டி என் கைக்கு வர்றதுக்குள்ள காலி. நா கழுவித்தான் வெச்சிகீறேன்" என்பாள்.

காலையில் காசிமேட்டுக்கு மீன் எடுக்க வந்தவளை ராயபுரத்தில் பதினொன்றரைக்குச் சந்தித்தேன். எண்ணூர் வரை பதினான்கு கிலோமீட்டர் இருக்கும், வழியில் கடை கடையாக நிற்க வேண்டும் என்று ஆட்டோவை எழுநூறு ரூபாய்க்குப் பேசினோம். எதற்கு என்று சொன்னதும் ஓட்டுநர் அண்ணனுக்கு எங்களைவிட உற்சாகம் வந்துவிட்டது. அரசு மதுக்கடை திறப்பது பன்னிரண்டு மணிக்கு. ராயபுரம் கடையில் எங்கள் பிராண்டே இல்லை. திருவொற்றியூர் கடையில் இருந்தது, வெயிலிலும் எனக்குப் புல்லரித்தது! ஆனால் தனம் லேபிளைத் திருப்பிப் பார்த்தாள். தயாரித்த இடம் வேறு ஊர்.

"பேரு ஒண்ணுதான். இது நம்மளுது இல்ல" என்று வைத்துவிட்டாள்.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நத்தை வேகம். கத்திவாக்கம் பக்கத்துக் கடைக்குப் போய்ச் சேர ஒன்றே முக்கால் ஆனது. வாசலில் ஆண்கள் கூட்டம். "நீங்க வண்டிலயே குந்துங்கக்கா, நா வாங்கியாறேன்" என்றார் ஓட்டுநர்.

"வாணாம் நைனா. நா பாத்துதான் எடுப்பேன்" என்று தனம் இறங்கினாள். பெண்கள் இரண்டு பேர் வந்ததும் கூட்டம் தானாக விலகியது. கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் விடவில்லை.

லேபிளில் எங்கள் ஊர்! கம்பிக்குப் பின்னாலிருந்த விற்பனையாளர் தேடித் துழாவி இரண்டு பாட்டில் எடுத்து வைத்தார், அவ்வளவுதான் இருப்பு. தனம் ஒன்றைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, தலைகீழாகக் கவிழ்த்து, மெதுவாகச் சுற்றினாள்.

"இன்னாக்கா, பொடவையா எடுக்குற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கடையே சிரித்தது.

அவள் அசையவில்லை. "இதுல தூசி கீது. எட்த்து ஓரமா வையி, யாருக்கும் குடுக்காத" என்றாள். இருப்பதே இரண்டு, அதில் ஒன்றைக் கழித்துவிட்டாள்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்ததையும் கழித்துவிடுவாளோ என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேளை, அது பாஸ். நூற்று எண்பது ரூபாய்.

வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆறு பேர் காத்திருப்பார்கள். அதனால் நேராக அவள் தம்பி முருகனின் ஃபைபர் படகு. பொரித்த நெத்திலி ஒரு டப்பா. கழிமுகத்தில் காற்று அள்ளியது. ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், மறுபக்கம் கடல். "எனக்கு?" என்றான் முருகன். "போட்டு ஓட்றவனுக்குக் கெடையாது" என்றாள் அக்கா.

முருகனின் கத்தி முனையால் நான் மூடியை நெம்பிக் கொடுத்தேன். அவள் வாங்கவும் படகை ஓர் அலை தூக்கிப் போடவும் சரியாக இருந்தது. நுரை பொங்கி அவள் கையில் வழிந்தது. "கசியுது!" என்று கத்தினாள். அவ்வளவுதான், இடது கை பாட்டிலோடு இடது பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கம் கூடை இல்லை, கடல்தான் இருந்தது. பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பாதி தண்ணீரிலும் அவள் புடவையிலுமாகப் போயிற்று.

மிச்சப் பாதியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒருமுறை சுற்றினாள். பிறகு அண்ணாந்து ஒரு வாய் குடித்தாள்.

"கசப்பா கீது."

"இன்னொரு வாய் குடி."

குடித்தாள். கண்ணை மூடினாள். "ஆங், இப்பத்தான் தெரியுது."

"என்ன?"

"அந்த ஆறு பேரும் ஏன் ஒரு சொட்டு மிச்சம் வெக்கலன்னு!"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. எனக்கு ஒரு வாய் கொடுத்தாள். அதே தானிய வாசனை! மீதியை அவளே முடித்தாள். இத்தனை சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால்: பீருக்காக வேண்டாம், அது தீர்ந்துவிட்டது. கழிமுகத்துக்காகப் போங்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூருக்கு மின்ரயிலில் ஐந்து ரூபாய்தான், ஆட்டோவுக்கு நான் கொடுத்தது மாதிரி கொடுக்காதீர்கள். காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் வெயிலும் லாரிகளும் குறைவு. குப்பத்தில் கேட்டால் படகில் கூட்டிப் போவார்கள், கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள், மிதவைச் சட்டை கேட்டு வாங்குங்கள். நெத்திலியை அங்கேயே பொரித்துத் தரச் சொல்லுங்கள்.

நான்கு மணிக்குக் கரையேறினோம். தனத்தின் வீட்டுக்காரர் மணலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போன காலத்தில் தினமும் புடவையில் பீர் சிந்திய வாசனையோடுதான் அவள் வீட்டுக்கு வருவாளாம். கிட்டே போனதும் மூக்கை உறிஞ்சினார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டார்.

"இன்னா தனம், கம்பெனிய தொறந்துட்டாங்களா?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். தனம் ஈர முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆமா. இன்னிக்கி ஒரு நாள் தொறந்தாங்க."