இளங்கோவன் திறந்துவிட்ட தண்ணீர்

தனக்கு இன்பம் தரும் காரியத்தையே ஒருவர் செய்கிறார்; அது ஊருக்கும் நியாயமாக அமைந்துவிடுகிறது. அவரை நல்லவர் என்று சொல்லலாமா?

பழைய கிரேக்கர்கள் இதில் ஒத்துப்போகவில்லை. நல்லதைச் செய்து மகிழாதவன் நல்லவனே அல்ல என்றார்கள் சிலர். இன்பம்தான் குறி, நேர்மை அதற்கு வழி என்றார்கள் வேறு சிலர். இன்பத்தைக் கணக்கிலேயே சேர்க்காதவர்களும் உண்டு. இந்த வழக்கைப் பல வருடம் படித்தும் எனக்குத் தீர்ப்பு கிடைக்கவில்லை. அந்த வழக்கே ஓர் ஆளாக நடமாடுவதை நான் பார்த்தது ஸ்ரீராம்புரத்தில்தான். அவர் பெயர் இளங்கோவன். எங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர்.

ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வருவார். தோளில் ஆளுயர இரும்புச் சாவி இருக்கும். தெருமுனை மூடியைத் தூக்கி, சாவியைக் குழிக்குள் இறக்கி வால்வைத் திருகுவார். மெயின் ரோட்டுக்கு ஒரு மணி நேரம். அதை மூடிவிட்டு மேட்டுச் சந்துகளுக்கு, சந்துக்கு அரைமணியாக. திறந்ததும் சாவியின் தலையில் காதை வைத்துக் கேட்பார். கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். எந்த இடத்தில் குழாய் கசிகிறது என்பதையும் அப்படிக் கேட்டே சொல்வார். தோண்டினால் ஒரு முழம் தப்பாது.

அவர் வீடு மேட்டுச் சந்தின் கடைசியில் இருந்தது. தொண்ணூற்றாறாம் வருடக் கோடையில் அங்கே குழாய் நூலாக ஒழுகியது. அவர் மனைவி எல்லம்மா குடத்தோடு தெருமுனைக்கே வந்துவிட்டார்.

“இன்னாயா, பத்து நிமிசம் சேத்து வுட்டா உன் கை தேஞ்சா பூடும்?”

“யாரோடத கொறைக்கட்டும்? அடுத்த சந்துல உங்கம்மா ஊடு இருக்கு. அதுலயா?”

“கொறை. பேசிப் பேசி எங்கம்மா நாக்கே ஈரமாத்தான் இருக்கும்.”

குழாயடியே சிரித்தது. இளங்கோவனும் சிரித்தார். அரைமணி முடிந்ததும் வால்வை மூடினார்.

வருத்தமாக இல்லையா என்று நான் கேட்டேன்.

“சரியான நேரத்துக்கு மூடினா அது ஒரு சொகம் சார். சொன்னா புரியாது.”

எனக்குப் புரிந்தது. அதனாலேயே அவருக்கு மதிப்புக் கொடுக்கத் தயங்கினேன். பிடித்ததைத்தானே செய்கிறார்?

அவருக்கு அதைவிடப் பிடித்தது ஒன்று இருந்தது: கசிவு கண்டுபிடிக்கும் பிரிவு. நகரம் முழுக்கச் சுற்றி, தரைக்கடியில் தண்ணீர் போவதைக் காதால் தேடும் வேலை. எட்டு வருடம் விடாமல் மனுப் போட்டார். தொண்ணூற்றொன்பதில் உத்தரவு வந்தது. தண்ணீர் போதவில்லை என்று குழாயடியில் ஏசுகிறவர்கள் இனி வீட்டு வாசலுக்கு வரமாட்டார்கள் என்று எல்லம்மா சந்து முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். இளங்கோவனும் நடுவழியில் நின்று ஆளாளுக்கு அந்தப் புதிய வேலையை விளக்கிக்கொண்டிருந்தார்.

மெயின் ரோட்டில் மூன்று வீடுகளும் பெரிய நிலத்தடித் தொட்டியும் வைத்திருந்த தேசிகன் கை குலுக்க வந்தார்.

“ரொம்ப சந்தோஷம்ப்பா. உன் இடத்துக்கு வரவன் எப்படி? நாம சொன்னா கேப்பானோ?”

“நல்ல மனுசன் சார். யாரு இன்னா சொன்னாலும் கேப்பாரு.”

தேசிகன் திருப்தியாகச் சிரித்தார். இளங்கோவனும் கூடவே சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை அலுவலகம் போய், தனக்கு அந்த வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

“ஏன்யா? எட்டு வருசமா கனவு கண்டியே, ஏன்?” என்று எல்லம்மா அழுதார். அவர் சாவியைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச நாள் கழித்து நானும் கேட்டுப் பார்த்தேன். எந்தச் சந்துக்குப் புதுக் குழாய் போடப் போகிறார்கள் என்று பேச்சை மாற்றிவிட்டார். அவர் முகத்தில் இழப்பைத் தேடினேன், சுகத்தையும் தேடினேன். எதைக் கண்டேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அந்த முகத்தின் முன்னால் நான் படித்ததெல்லாம் வாயடைத்து நின்றது.

ஓய்வு பெறும்வரை இன்னும் ஏழு வருடம் அதே தெருமுனையில் தண்ணீர் திறந்துவிட்டார். ஏன் போகவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.