பெரில் ஹாதர்லியின் பச்சைக் கார்

கவன்ட்ரியில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பெரில் ஹாதர்லிக்கு எங்கள் பழைய கார் சங்கத்தில் ஒரே வேலை, நிறம் பார்ப்பது. ஜூலைக் கண்காட்சியில் ஒவ்வொரு ஸ்போர்ட்ஸ் காராகக் குனிந்து, ஆலையில் பொருத்திய தகட்டில் நிற எண்ணைப் படிப்பார். எங்கள் வண்டிகளில் அந்த எண்ணின் கடைசி இலக்கம் நிறத்தைச் சொல்லிவிடும்: நான்கு என்றால் மஞ்சள், ஐந்து பச்சை. பூச்சு வேறாக இருந்தால் பெரிலிடம் மதிப்பெண் கிடையாது. கேக் கொடுத்தாலும் நடக்காது. கேக்கை மட்டும் வாங்கிக்கொள்வார்.

பல் டாக்டர் கிளெமன்ட் ஆஸ்பி சிவப்புக் காரோடு வந்த வருஷம், பெரில் தகட்டைப் பார்த்து நிமிர்ந்தார்.

"அறுபத்து நாலு. உங்க வண்டி மஞ்சள், டாக்டரே."

"வாங்கும்போதே சிவப்புதாங்க."

"தங்கப் பல் கட்டினவன், பொறந்ததே அப்படித்தான்னு சொன்னா நம்புவீங்களா?"

கூட்டம் சிரித்தது. குளிர்காலத்தில் டாக்டர் காரை மஞ்சளாக்கினார். அவர் மனைவி தெல்மா அதில் ஏற மறுத்துவிட்டார். "கஸ்டர்டுக்குள்ள உக்காந்து போற மாதிரி இருக்கு."

அடுத்த ஜூலையில் டாக்டர் நேராக பெரிலின் பச்சைக் காரிடம் வந்தார். முன்பு வைத்திருந்த யாரோ அதன் தகட்டின் மேலும் பச்சை பூசியிருந்தார். பூச்சுக்கு அடியில் எண் இருபத்தைந்து போல மேடாகத் தெரியும். பெரிலுக்கு அது போதுமாக இருந்தது.

"துடைச்சுப் பாக்கலாமா, பெரில்?" அவர் கையில் தின்னரில் நனைத்த துணி.

"தாராளமா பாருங்க. எனக்கென்ன பயம்?"

பூச்சு கரைந்ததும் ஐந்து மூன்றாகிவிட்டது. மூன்று என்றால் பழுப்பு. பெரில் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார்.

"இருபத்து மூணு. மதிப்பெண் பூஜ்யம்," என்று அவரே அறிவித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "இந்தப் பச்சைக்காகத்தான் வாங்கினேன்."

சிரிக்க வந்த டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "விடுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஊரே சுத்தி நிக்குது, டாக்டரே."

பழுப்புப் பூசிய புதிதில் பெரில் காரைச் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டுக் கடைக்கு நடந்தே போனார். அதைப் பார்க்கவென்றே தெல்மா வந்தார்.

"அட, நல்ல சாக்லேட் மாதிரி இருக்கே. ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்களேன்."

கூரையை மடக்கிவிட்டுக் கெனில்வொர்த் வரை போனார்கள். திரும்பும்போது மழை. தொப்பலாக நனைந்து, சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்கள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழுப்புக் காரில் இரண்டு பெண்களும் முன்னே போகிறார்கள். பின்னால் மஞ்சள் காரில், பக்கத்து இருக்கையில் டீ கூடையோடு, டாக்டர் தனியாக வருகிறார்.