சீட்டில் போட்ட துண்டு

போன வாரம் திருப்பதியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன் அல்லவா, அங்கே சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கண்பாவை விரிந்து, எதிரே இருந்த போர்டு கரைந்துபோனது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் நீங்கள் சிரித்தீர்கள். "நைனா, பூன கண்ணு மாரி கீது." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி விரிந்த கண்ணை முன்பு ஒருமுறை உங்கள் சித்தப்பா சேகரிடம் பார்த்திருக்கிறேன்.

ஊர்க்காரர்கள் பெங்களூருக்கும் மெட்ராஸுக்கும் கம்பெனி வேலைக்குக் கிளம்பத் தொடங்கியிருந்த நேரம் அது. நானும் சேகரும் கங்காதர நெல்லூர்ப் பக்கம் மாந்தோப்புகளில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தோம். அழுகிய பூண்டு நாற்றம் வரும் அந்த மருந்து. இன்றைக்கும் உங்கள் அம்மா பூண்டு நசுக்கினால் நான் வாசலுக்குப் போய்விடுவது அதனால்தான். வேலைக்குப் பயந்து ஓடுவதாக அவள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

அன்று காற்று திரும்பி, சேகரின் சட்டை மருந்தில் நனைந்துவிட்டது. அதோடேயே வேலை செய்தான். மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்தவன் எழவில்லை. வேர்வை, வாய் நிறைய எச்சில். தொடைச் சதை தானாகத் துள்ளியது. கை கால் விஷயம் என்றால் எங்கள் பக்கம் யோசிக்கவே மாட்டோம், எலும்புக் கட்டுப் போடப் புத்தூர்தான்.

"நரம்பு பெசகிக்கிச்சி. கட்டு போட்டா சரியாப்பூடும்" என்றாள் அவன் மனைவி வள்ளி. எல்லோரும் தலையாட்டினோம்.

புத்தூரில் கட்டுப் போடுகிறவர் காலைத் தொடவே இல்லை. சட்டையை மோந்து பார்த்தார். "இது எலும்பு இல்லப்பா, மருந்து. சட்டைய கழட்டிட்டு திருப்பதிக்கு ஓடு."

பஸ் ஸ்டாண்டில் ஒரே கூட்டம். ஜன்னல் வழியாக என் துண்டை வீசி ஒரு சீட்டுப் பிடித்தேன். "தாகாடா?" என்றார் கண்டக்டர், குடித்திருக்கிறானா என்று. வள்ளி பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சோப்புப் போட்டுக் கழுவி, அட்ரோபின் என்ற ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். மறுநாள் காலை அவன் கண் விரிந்து நின்றது. உதடு வெடித்திருந்தது. காற்றில் எதையோ பிடித்துக்கொண்டு, "துண்டு போடுணா, துண்டு போடு" என்று உளறினான். அடுத்த ஊசியோடு வந்த நர்ஸின் கையை வள்ளி பிடித்துக்கொண்டாள்.

"வாணாம்மா. கண்ணு நெலகுத்திச்சி. நாக்கு காஞ்சிகினு போவுது. உங்க ஊசிதான் அவர கொல்லுது."

"ஏம் காதம்மா" என்று தெலுங்கில், ஒன்றும் ஆகாதென்று சமாதானம் சொல்லிப் பார்த்தார் நர்ஸ். கை விடுபடவில்லை. டாக்டர் வந்தார். "நாக்கு காயணும்மா. நெஞ்சுல ஊறுற நீரு வத்தணும். வத்துனாதான் மூச்சு விடுவாரு." வள்ளி வெகுநேரம் கழித்துத்தான் கையை விட்டாள்.

டாக்டர் அப்புறம் விளக்கியதை என் தலைக்கு ஏற்றபடி வைத்திருக்கிறேன். தப்பிருந்தால் உங்கள் சயின்ஸ் டீச்சரைக் கேளுங்கள். நரம்பின் நுனிக்கும் அது வேலை வாங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சின்ன சந்து. நுனியிலிருந்து அசிடைல்கோலின் என்ற ரசம் கசிந்து, அந்த இடைவெளியைத் தாண்டி, எதிரே இருக்கும் ஏற்பிகளில் உட்காரும். ஏற்பி என்றால் பஸ் சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தால் எச்சில் ஊறும், பாவை சுருங்கும், சதை அசையும். வேலை முடிந்ததும் ஒரு நொதி அந்த ரசத்தை உடைத்து இறக்கிவிடும். அதுதான் கண்டக்டர். பூச்சிமருந்து கண்டக்டரைக் கட்டிப்போட்டுவிடுகிறது. ஏறியவர்கள் இறங்குவதில்லை, மேலும் மேலும் ஏறுகிறார்கள். அட்ரோபின், சீட்டில் போட்ட துண்டு. தானும் வேலை செய்யாது, வேறு யாரையும் உட்காரவும் விடாது. சதையில் இருக்கும் சீட் வேறு மாதிரி, அங்கே இந்தத் துண்டு நிற்காதாம். அதனால்தான் நாக்கு காய்ந்த பிறகும் அவன் தொடை துள்ளிக்கொண்டிருந்தது.

பிழைத்துக்கொண்டான். ஆனால் மருந்து டின்னை மறுபடி தொடவில்லை. வள்ளியோடு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான். பொங்கலுக்கு வந்து திரும்பும்போதெல்லாம் புத்தூரில் நான்தான் அவர்களுக்குத் துண்டு போடுவேன். பிறகு வருவது குறைந்தது. "லீவு இல்லணா" என்பான் போனில். அந்த மாந்தோப்பில் இப்போது வரிசையாக மனைக் கற்கள் நிற்கின்றன.

கண் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பஸ் பாதி காலி. எதுவும் சரியாகத் தெரியவில்லை. பழக்கத்தில் தோள் துண்டை எடுத்துப் பக்கத்து சீட்டில் போட்டேன். புத்தூர் வரைக்கும் அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.