பின்னலக்காவுக்கு முடி கொட்டிய கதை

அந்தப் பெரிய கடையின் முதல் மாடியில், ஷாம்பு, எண்ணெய், சீப்பு, ஹேர்பின் விற்கும் பகுதியில் அவர் வேலை பார்த்தார். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அவர் பின்னலக்கா. ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்க மாட்டார்கள், அவர் ஒரு தடவை திரும்பி நின்றால் போதும். மணிக்கட்டை விடத் தடிமனான பின்னல், இடுப்பைத் தாண்டி இறங்கி, அவர் நடந்தால் அதுவும் தனியாக ஒரு நடை நடக்கும்.

மேனேஜர் விவரமான ஆள். எண்ணெய் கம்பெனிக்காரர்கள் கொடுத்த போஸ்டர்களைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, "நீங்க ஷெல்ஃப் பக்கமா திரும்பி அடுக்கிட்டே இருங்கம்மா. யாராவது கூப்பிட்டா மட்டும் திரும்பினாப் போதும்" என்று சொல்லிவிட்டார்.

கூப்பிடாமல் இருப்பார்களா? "அக்கா, நீங்க என்ன எண்ணெய் போடறீங்க?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். அக்கா பொய் சொல்ல மாட்டார். உண்மையையும் சொல்ல மாட்டார். "தலைக்கு எண்ணெய் வெக்காம ஒரு நாள்கூட நான் வெளிய வந்ததில்லம்மா" என்பார். அந்த நேரம் பார்த்து அவர் கை, இருப்பதிலேயே விலை கூடிய பச்சை பாட்டிலின் மேல் சும்மா பட்டு நிற்கும். எந்த எண்ணெய் என்பதை வாங்குகிறவர்களே முடிவு செய்துகொள்வார்கள். வீட்டில் அவர் தலைக்கு வைத்ததோ, அடுப்படியில் தாளிக்க வைத்திருந்த எண்ணெய்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், ஒருநாள் குளியலறைத் தண்ணீர் வடியாமல் நின்றது.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கம்பியை வளைத்து உள்ளே விட்டு எதையோ இழுத்தவர், அலறிப் பின்வாங்கினார்.

"எலி செத்துக் கிடக்கு!"

அக்கா எட்டிப் பார்த்தார். எலி இல்லை. அவருடைய முடி, பந்து பந்தாக.

அன்றிலிருந்து தலையணையில் முடி, சீப்பில் முடி, சட்டைப் பொத்தானில் சுற்றிக்கொண்ட முடி. வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல நீளம்" என்றார். அக்கா முறைத்த முறைப்பில் மீதிச் சோறு சத்தமில்லாமல் இறங்கியது.

கேலி பேச அந்த மனிதருக்கு எந்தத் தகுதியும் கிடையாது. உச்சந்தலை காலியாகிப் பல வருஷமாயிற்று. இடது காதுக்கு மேலே கொஞ்சம் முடியை நீளமாக வளர்த்து, எண்ணெய் தொட்டு, அப்படியே வலது காது வரைக்கும் இழுத்து ஒட்டியிருப்பார். இந்த ஏற்பாடு உலகத்தில் யாருக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. உலகமும் பெரிய மனது பண்ணி அந்த நம்பிக்கையைக் காப்பாற்றி வந்தது.

முடி ஏன் கொட்டுகிறது என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மாடியில் குடியிருந்த நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, தையல் மெஷினை நிறுத்தாமலே தீர்ப்புச் சொன்னார்: "தண்ணிதான். வேற ஒண்ணும் இல்ல." அதே தண்ணீரில் குளிக்கும் நாத்தனாரின் கொண்டை மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது என்று கேட்க அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. வீட்டுக்காரர் "டென்ஷன்" என்றார். அக்காவோ கடையில் சும்மா கொடுத்த சாம்பிள் ஷாம்பு மேல் சந்தேகப்பட்டார்.

பிறகு வைத்தியம் ஆரம்பித்தது. இத்தனை வருஷம் மற்றவர்கள் தலையில் கட்டிய பச்சை பாட்டிலை அக்கா முதன்முறையாகத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. வெங்காயச் சாறு தேய்த்தால் நிற்கும் என்று யாரோ சொல்ல, அதையும் தேய்த்துக் குளித்துவிட்டு வேலைக்குப் போனார். மேனேஜர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டு சுற்று வந்தார்.

"யாருங்க இங்க ஆம்லெட் போடறது?"

பின்னல் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்தபோது அக்கா ஒரு முடிவெடுத்தார். அதே மாடியில், வளையல்களுக்குப் பக்கத்தில் சவுரி முடி விற்பார்கள். இருந்த முடியோடு அதைச் சேர்த்துப் பின்னிக்கொண்டு வந்து நின்றார். பின்னல் பழையபடி ஆகிவிட்டது. முன்னைவிடக் கொஞ்சம் அழகாகவே ஆகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். மேனேஜர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஒரு மத்தியான நேரம். கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து பின்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிஜ முடியாம்மா இது?"

"தொட்டுப் பாருங்களேன்" என்றார் அக்கா, பழைய பழக்கத்தில். வாயிலிருந்து வார்த்தை வந்த பிறகுதான் சவுரி ஞாபகம் வந்தது.

அந்த அம்மா தொட்டதோடு நிற்கவில்லை. இழுத்தும் பார்த்துவிட்டார். பின்னலின் முக்கால் பாகம் அவர் கையோடு போய்விட்டது.

ஷெல்ஃபில் அடுக்கிக்கொண்டிருந்த எல்லோரும் அப்படியே நின்றார்கள். மேனேஜர் ஒரு தூணுக்குப் பின்னால் போனார். அந்த அம்மா கையிலிருந்ததை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது எந்தப் பக்கம் விக்குது?" என்று கேட்டார்.

சாயங்காலத்துக்குள் அந்த மாடியில் சவுரி தீர்ந்துபோனது. மேனேஜர் பாராட்டினார். ஆனால் அக்காவுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் உட்கார்ந்து, மிச்சமிருந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். கேலி எதுவும் பேசவில்லை. விளம்பரத்தில் பார்த்த ஒரு பளபளப்பான முடி சிகிச்சை நிலையத்துக்கு அவரே போன் போட்டார். எதிர்முனையில் இருந்த பெண், யாருக்கு, எப்போதிலிருந்து என்று ஒரு வார்த்தை கேட்காமல், லேசர், ஊசி என்று அடுக்கி, இன்றைக்கே சேர்ந்தால் தள்ளுபடி என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிட்டா, நான் முதல்ல ஏன் நின்னுச்சுன்னுதான் பாப்பேன். எடுத்த எடுப்புல மோட்டார மாத்துன்னா என்ன அர்த்தம்? கிளம்பு, தோல் டாக்டரப் பாக்கலாம்."

தோல் டாக்டர் ஒரு பெண்மணி. அக்காவின் தலையில் அங்கங்கே வகிடு பிரித்துப் பார்த்தார், கொஞ்சம் முடியை விரலில் பிடித்து மெல்ல இழுத்தார், கையோடு வந்ததைக் கவனித்தார். பிறகு கேட்டார்:

"ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி பெருசா காய்ச்சல் கீய்ச்சல் வந்துதா?"

"வந்துது டாக்டர். ஆஸ்பத்திரியிலயே படுத்திருந்தேன். ஆனா அது எப்பவோ சரியாப் போச்சே!"

"உடம்புக்குச் சரியாப் போச்சு. முடிக்கு இப்பதான் சேதி வந்திருக்கு. பெரிய காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், திடீர்னு எடை குறையறது, இதுக்கெல்லாம் அப்புறம் நிறைய முடி ஒரே நேரத்துல ஓய்வுக்குப் போயிடும். கொஞ்ச மாசம் கழிச்சு மொத்தமா கொட்டும். வேர் அப்படியே இருக்கு, திரும்ப முளைக்கும். எதுக்கும் ரத்தம், தைராய்டு பாத்துடலாம்."

தைராய்டில் குறையில்லை. இரும்புச்சத்துதான் அடிமட்டத்தில் இருந்தது. டாக்டர் அதற்கு மாத்திரை எழுதினார், நன்றாகச் சாப்பிடச் சொன்னார், பொறுமையாக இருக்கச் சொன்னார்.

அக்காவுக்கு ஏமாற்றமாகிவிட்டது. "தலைக்குப் போட ஒண்ணுமே தரலியே?"

"தலையில கோளாறு இல்லியேம்மா, எதுக்குப் போடறது?" என்ற டாக்டர், துணைக்கு வந்து உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "சாருக்கு எப்ப ஆரம்பிச்சது?"

"எனக்கா? எனக்கு என்ன?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மின்விசிறி நேராக வீட்டுக்காரர் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. இடது காதிலிருந்து புறப்பட்ட முடி ஒட்டியிருந்த இடத்தை விட்டு எழுந்து, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

"இது பரம்பரை" என்றார் டாக்டர்.

"எங்க பரம்பரையிலயே வழுக்கை கிடையாது டாக்டர். எங்க அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் நல்ல முடி."

டாக்டர் அவரிடம் வாதாடவில்லை. அக்காவுக்கு வந்தது வேறு, இவருக்கு வந்தது வேறு என்று விளக்கினார். இது தானாகத் திரும்பாது. தலையில் தடவ ஒரு மருந்து உண்டு. இருக்கிற முடியைக் காப்பாற்றும், மெலிந்த இடத்தில் கொஞ்சம் அடர்த்தி கூட்டும். பலன் தெரிய மாதக்கணக்காகும், விட்டுவிட்டால் பலனும் போய்விடும். மாத்திரையும் உண்டு, அதன் பக்கவிளைவுகளைப் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வழவழவென்று ஆகிவிட்ட இடத்தில் எதைத் தடவியும் பயனில்லை. வேண்டுமானால் பின்தலையிலிருந்து எடுத்து நடலாம்.

"ஒண்ணுமே பண்ணாம விட்டா?"

"உயிருக்கு ஒண்ணும் ஆகாது. அதுவும் ஒரு முடிவுதான்."

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் நேராக மாடிக்குப் போனார். "அக்கா, நம்ம அப்பாவுக்கு முடி எப்படி இருந்துச்சு?"

நாத்தனார் அன்றைக்கு மெஷினை நிறுத்தினார். "அப்பா தொப்பியக் கழட்டி நீ எப்பவாவது பாத்திருக்கியாடா?"

யோசித்தார். பார்த்ததில்லை. சுவரில் இருந்த போட்டோவிலும் தொப்பி. தன் கல்யாணப் போட்டோவில் பின்னால் நின்ற அப்பாவின் தலையிலும் தொப்பி. படிக்கட்டிலேயே உட்கார்ந்து அவர் சிரிக்க ஆரம்பித்தார். மாடியில் நாத்தனாரும், கீழே அக்காவும் சேர்ந்துகொள்ள, எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

மறுநாள் வீட்டுக்காரர் முடிதிருத்தும் கடைக்குப் போய், அந்த நீண்ட முடியை எடுத்துவிடச் சொல்லி, ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார். நடுவதெல்லாம் வேண்டாம், தடவும் மருந்து மட்டும் போதும் என்று முடிவு செய்திருந்தார். அக்காவும் பின்னலைத் தோளோடு வெட்டிவிட்டார். மாதங்கள் போகப் போகக் கொட்டுவது நின்றது. நெற்றி ஓரத்தில் புது முடி முளைத்து, எவ்வளவு வாரினாலும் அடங்காமல் பிரஷ் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. அக்காவுக்கு அதைத் தடவித் தடவிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

கடையில் இப்போது அவர் வாடிக்கையாளர்களைப் பார்த்து நிற்கிறார். முடி கொட்டுகிறது என்று யாராவது எண்ணெய் கேட்டால், "சமீபத்துல காய்ச்சல் வந்துதா? புதுசா மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்.

மேனேஜர் நொந்துபோய், "நீங்க என்ன விக்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களாம்மா?" என்றார்.

"வைத்தியத்துக்கு டாக்டர்கிட்ட அனுப்பறேன் சார். ஹேர்பின் வேணும்னா பில் போட அனுப்பறேன்."

வீட்டுக்காரர் தினமும் காலையில் மருந்தைத் தடவிக்கொண்டு, பின்னந்தலை தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அக்காவை நிற்க வைத்துக் கேட்பார்.

"எப்படி இருக்கு?"

"நேத்து மாதிரியேதான் இருக்கு. ஒண்ணும் குறையல."

அவர் சந்தோஷமாக வேலைக்குக் கிளம்பிவிடுவார்.